மாதம் ஒரு கிலோ பருப்பு, சாப்பிட ஐந்து பேர்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): மேடம், எங்களுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒன்பது வருடமாகத் திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் செக்கிங் வேலை. மாமியார், எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன் என்று வீட்டில் ஐந்து பேர். வாடகை, சீட்டு, கடன் எல்லாம் போக சாப்பாட்டுக்கு வாரம் 1,850 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியவில்லை. ரேஷனில் அரிசி 20 கிலோ, பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் வருகிறது. போன மாதம் பள்ளியில் ரத்தம் பார்த்து மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8 என்று சீட்டு கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், குமட்டுகிறது என்று அவள் போடுவதில்லை. பேரீச்சை, மாதுளை, பாதாம் கொடுக்கச் சொல்கிறார்கள். அதெல்லாம் எங்களால் முடியுமா? ஹெல்த் டிரிங்க் மட்டும் எப்படியோ வாங்கிவிடுகிறேன். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு வாரச் செலவை எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பணத்தில் சத்தாகச் சமைக்க வழி சொல்லுங்கள். நான் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன், எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலு பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வேளை வாரியாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சாப்பிடுவதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் கடைசி வரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மகள். 9.8 என்பது சாப்பாட்டை மட்டும் மாற்றிச் சரிசெய்துவிடக்கூடிய எண் இல்லை. அவள் வயதுக்கு 12 இருக்க வேண்டும். 11-க்குக் கீழே போனால் அது நடுத்தர ரத்தசோகை, வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். அதனால் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, ரத்தப்போக்கு அதிகமா என்று அவளிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள் என்பதையும் சொல்லுங்கள். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுப்பார்கள், அன்று லீவு போட்ட பிள்ளைகளுக்கு அது விட்டுப்போகும்.

இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் பல பேருக்குக் குமட்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இரவு சாப்பாடு முடிந்ததும் போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பல பேருக்குத் தொந்தரவு அதிலேயே குறைந்துவிடும். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகள் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பால் 180, ஹெல்த் டிரிங்க் 130, மாவு பாக்கெட் நாலு 160, காய்கறி 300, ஞாயிற்றுக்கிழமை கோழி 240, சமையல் எண்ணெய் 75, மளிகை 250, பிள்ளைகளுக்கு நொறுக்குத்தீனி 210, கம்பெனியில் உங்கள் இரண்டு பேருக்கும் டீ, பன், வடை 300. கூட்டினால் 1,845. ஒரு ரூபாய்கூட வீணடிக்கிற குடும்பம் இல்லை உங்களுடையது. ஆனாலும் இந்தப் பட்டியலில் பருப்பு வகை எதுவும் இல்லை, முட்டையும் இல்லை. ரேஷன் பருப்பை மட்டும் நம்பி மாதம் முழுவதும் ஓட்டுகிறீர்கள்.

ஒரு கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 கிராம். நேற்று என் வீட்டுத் தராசில் 33 கிராம் துவரம்பருப்பை நிறுத்துக் கையில் கொட்டிப் பார்த்தேன். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிட்டது. ஐந்து பேருக்கும் ஒரு நாள் முழுவதும் அவ்வளவுதான். அதில் இருக்கும் புரதம் மொத்தமே ஏழு கிராம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 41 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அரிசியும் பாலும் கோழியும் ஒரு பங்கைத் தந்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும், மீதிக்கு உங்கள் வீட்டுச் சட்டியில் ஒன்றும் இல்லை. சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று மகன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவன் சொல்வது சரிதான்.

ஆகவே நான் புதிதாகச் சமைக்கச் சொல்லப்போவது குறைவு. சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும். அதற்கான பணம் இதே பட்டியலில் இருக்கிறது.

ஹெல்த் டிரிங்க்கை நிறுத்திவிடுங்கள். மனசு கேட்காது என்று தெரியும், பிள்ளைக்காகத் தேடி வாங்கியது அது. பாட்டிலின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வரை சர்க்கரைதான். 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகமே, இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைக்கக் கூடாது என்று சொன்னது. பாலை வெறும் பாலாகவே கொடுங்கள், வேண்டுமானால் கொஞ்சம் வெல்லம் போட்டு. அங்கே 130 ரூபாய் மிச்சம்.

மாவு பாக்கெட்டில் வாரம் ஒன்று இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்கு ஒரு நாளாவது தோசை ஊற்றிவிட்டுப் படுக்கிற சௌகரியம் வேண்டும். மீதி மூன்றை விட்டால் 120. நொறுக்குத்தீனிக்கு 70 ரூபாய் போதும், 140 மிஞ்சும். கோழியை முக்கால் கிலோவாகக் குறைத்து, அதே கடையில் கால் கிலோ ஈரல் வாங்கிச் சேர்த்தால் 20, 30 ரூபாய் கையில் நிற்கும். ஆகமொத்தம் 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வருகிறது.

அந்த 400 ரூபாய்க்கு என்ன வாங்குவது? முட்டை இருபது. காணம் (கொள்ளு) அரைக் கிலோ, பச்சைப்பயறு அரைக் கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை அரைக் கிலோ, நிலக்கடலை அரைக் கிலோ. இன்றைய விலையில் இது எல்லாம் சேர்ந்து 360 ரூபாயை ஒட்டி வரும், கடைக்குக் கடை பத்து இருபது முன்பின் இருக்கும். மீதியில் இரண்டு கட்டுக் கீரை. இந்த முட்டையையும் பயறு வகைகளையும் புரதமாகக் கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 கிராமுக்கு மேல் கூடுகிறது. உங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தது கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து எட்டு மணிக்குள் இரண்டு வேளைக்கும் சமைத்துவிட்டுக் கிளம்புகிறவர் நீங்கள். இரவு பாத்திரம் கழுவி வைக்கும்போது ஒரு பெரிய டம்ளர் பயறை, 200 கிராம் அளவுக்கு, கழுவி ஊறப்போட்டுவிடுங்கள். அவ்வளவுதான் கூடுதல் வேலை. காலையில் குக்கரில் கீழே பயறு, மேல் அடுக்கில் அரிசி. இரவெல்லாம் ஊறிய பயறு சீக்கிரம் வெந்துவிடும், காஸும் மிச்சம். தானியத்திலும் பயறிலும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு பொருள் உண்டு. ஊறவைத்தால் அது குறையும், முளைகட்டினால் இன்னும் குறையும். வெள்ளிக்கிழமை இரவு ஊறிய பச்சைப்பயறைச் சனிக்கிழமை காலை ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால், திருப்பூர் வெயிலுக்கு ஞாயிறு காலையில் முளை எட்டிப் பார்க்கும்.

காணத்தை எப்படிச் சமைப்பது என்று சங்கரன்கோவில்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பக்கம் காணத் துவையல் எப்படி இருக்கும் என்று சாப்பிட்டுத் தெரிந்துகொண்டவள் நான். இங்கே கொங்கு நாட்டில் அதையே கொள்ளு என்போம். குழைய வேகவிட்டு, தண்ணீரை இறுத்து வைத்துக்கொண்டு, பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய், பூண்டு சேர்த்து வதக்கிக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுவோம். இறுத்த தண்ணீர் ரசமாகிவிடும். ஒரு டம்ளர் கொள்ளில் ஒரு நாள் சோற்றுக்குப் பருப்பும் ரசமும் முடிந்தது. பக்கத்து வீட்டுக் கொங்குக்காரர்களிடம் ஒரு முறை கேட்டுச் செய்து பாருங்கள். பச்சைப்பயறைக் கடையலாம். கொண்டைக்கடலையைக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போடலாம்.

அப்புறம், காலையில் வேகவைத்த பயறில் இரண்டு கரண்டி தனியாக எடுத்து, கடுகு தாளித்து, ஆளுக்கு ஒரு டப்பாவில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போங்கள். நாலரை மணி டீயோடு வடை, பன்னுக்குப் பதிலாகச் சுண்டல். தினமும் முடியாது, வாரம் மூன்று நாள் செய்தாலும் அந்த 300 ரூபாயில் 70, 80 மிஞ்சும். அந்தக் காசை நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழம் என்றதும் எல்லோரும் மாதுளை, பேரீச்சை, பீட்ரூட் என்கிறார்கள். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை. மாதுளையிலும் பீட்ரூட்டிலும் இரும்பு மிகக் குறைவு. நாலு பேரீச்சையில் கிடைப்பதும் கொஞ்சம்தான். இதெல்லாம் வாங்க முடியவில்லையே என்று இனி நீங்கள் வருந்த வேண்டாம். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை வேண்டும். அதற்கு அரை நெல்லிக்காயோ, ஒரு கொய்யாத்துண்டோ, சுண்டல் மேல் பிழிந்த எலுமிச்சையோ போதும். எலுமிச்சையைச் சுண்டல் அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள், இறக்கி ஆறிய பிறகு பிழியுங்கள். இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டின் இரும்பில் பெரும்பகுதி வெளியே போய்விடும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்பெனி டீ வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க முடிகிறதா பாருங்கள். மகளுக்கு டீ வேண்டாம், இந்த ஆறு மாதத்துக்காவது.

கீரையில் முருங்கைக்குத்தான் முதலிடம். உங்கள் காம்பவுண்டுக்குள் வீட்டுக்காரர் மரம் இருக்கிறது, கேட்டால் ஒடித்துக்கொள்ளச் சொல்வார் என்று எழுதியிருந்தீர்கள். அதைவிட என்ன வேண்டும்! நூறு கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஞாயிறு மாலை அத்தையும் பேத்தியும் உட்கார்ந்து உருவி வைத்தால் இரண்டு நாள் சமையலுக்கு ஆகும். வதக்கி, வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவி இறக்குங்கள். கசப்பு தெரியாது.

வாரத்தில் இரண்டு இரவு அடை. ரேஷன் புழுங்கலரிசி இரண்டு டம்ளர், பயறும் பருப்புமாக ஒரு டம்ளர். அத்தை மாலை நாலு மணிக்கு ஊறப்போட்டால் நீங்கள் எட்டரைக்கு வந்து அரைத்து உடனே ஊற்றலாம். புளிக்க வேண்டியதில்லை, ஃப்ரிட்ஜும் வேண்டாம். மாவிலேயே முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுவிடுங்கள். விட்டுவிட்ட மூன்று மாவு பாக்கெட்டுக்கு இது பதில்.

ரேஷன் அரிசியில் நிறம் மாறித் தெரிகிற மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார் மாமியார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எறிய விடாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, அரிசி வடிவத்திலேயே செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். கழுவும்போது மிதப்பதால் சந்தேகம் வருகிறது. உங்கள் மகளுக்குத் தேவையான சத்தைத்தான் அவர் மணி மணியாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முன்னாலேயே இருபது மணியைத் தனியாக வேகவைத்து நசுக்கிக் காட்டுங்கள், மாவாக மசியும்.

அத்தையின் சர்க்கரைக்காகத் தனிச் சமையல் வேண்டாம். ஓட்ஸும் வேண்டாம். வீட்டில் செய்யும் அதே பயறு, அதே கீரைதான், தட்டில் அது முக்கால் பங்கும் சோறு கால் பங்கும் என்று வைத்துக் கொடுங்கள். கேழ்வரகு நல்லது என்று காலையில் கூழாகக் கரைத்துக் குடிக்கிறார் அல்லவா, கரைத்துக் குடிக்கும் கூழ் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதையே கீரை போட்டு அடையாகத் தட்டிக் கொடுத்தால் நிதானமாக ஏறும். டாக்டர் கொடுத்த மாத்திரையை எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்தக் கூடாது. உங்கள் கணவருக்குச் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. மெஷினில் குனிந்து உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் தைக்கிறவர், அவருக்குக் குழம்பு கெட்டியானால் போதும்.

மகன் விஷயத்தில் கவலை வேண்டாம். காலையில் பள்ளியிலேயே பொங்கல், கிச்சடி என்று சாம்பாரோடு சாப்பிடுகிறான், மதியம் சத்துணவில் முட்டையும் வருகிறது. மகள்தான் சத்துணவு வரிசையில் நிற்க வெட்கப்பட்டு, வெறும் சோறும் உருளைக்கிழங்கும் டிபன் பாக்ஸில் எடுத்துப் போகிறாள். வாரம் ஐந்து முட்டை அவளுக்கென்று வந்து, அவள் சாப்பிடாமல் போகிறது. பதிமூன்று வயதில் அந்த வெட்கம் எனக்குப் புரிகிறது. நானும் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள்தான், தட்டைப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போயிருக்கிறேன். அவளைத் திட்ட வேண்டாம். என்னைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். கூட ஒரு தோழி வந்தால் அவளும் போவாள், வகுப்பாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்படியும் மாட்டேன் என்றால் வீட்டு முட்டையை வேகவைத்து டிபனில் வையுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் இருபது சொன்னேன்.

அந்த இருபதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உங்கள் வீட்டில் அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். மகளுக்குத் தினம் ஒன்று, ஏழு. உங்களுக்குத் தினம் ஒன்று, ஏழு. கணவருக்கு இரண்டு, அத்தைக்கு இரண்டு, மகனுக்குப் பள்ளி இல்லாத சனி, ஞாயிறு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஈரலும் முதலில் மகளுக்கும் உங்களுக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு கோழிக்குப் பதிலாகத் தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டில் சாளை மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். எதிரே உழவர் சந்தையில் காயும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

உங்களுக்கு ஏன் ஏழு என்று கேட்கலாம். மதியத்துக்கு மேல் கால் கடுக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று கடிதத்தின் நடுவில் வேறு எதற்கோ எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது 34. மகளுக்கு இருப்பது உங்களுக்கும் இருக்கலாம். நம் மாநிலத்தில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத்தான் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரவு எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் இருப்பதைச் சோற்றோடு பிரட்டிச் சாப்பிடுகிறீர்கள். பருப்பும் காயும் அதற்குள் தீர்ந்திருக்கும், வெறும் சாறும் சோறும்தான் உங்களுக்கு. கணவரிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள். இன்றிரவிலிருந்து பரிமாறுவதற்கு முன்பே ஐந்து தட்டையும் வரிசையாக வைத்து, குழம்பையும் பொரியலையும் ஐந்திலும் போட்டுவிட்டு, பிறகு எல்லோரையும் கூப்பிடுங்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே உங்களுக்கு ரத்தம் பார்த்துவிடலாம். இல்லையென்றால் மகளைக் கூட்டிப்போகிற அன்றே, அதே சுகாதார நிலையத்தில் உங்கள் விரலையும் நீட்டுங்கள், காசு கேட்க மாட்டார்கள். இரண்டு பேருடைய எண்ணையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.